இடவல மாற்றம்

மூன்றாவது பாட்டின் நடுவில், தந்தி மீட்டும் சிறு வில்லையான பிக் நழுவியது. கடற்காற்று ஈரமாக வீசும் மாலைகளில் அது நடப்பதுதான். யோகேஸ்வரிக்கு விரல்நுனி வியர்க்கும். பிக் கிடாரின் வயிற்றில் தட்டி, மடியில் விழுந்து, புல்லுக்குள் காணாமல் போகும். அதற்காக அவள் ஒருநாளும் பாட்டை நிறுத்தியதில்லை. கிடாருக்கு எதிரே நிற்கும் மைக் ஸ்டாண்டின் இடப்பக்கத்தில் ஒரு ரப்பர் மிதவை கட்டியிருக்கும். அதன் கீறல்களில் வேறு பிக்குகள் செருகியிருக்கும். இடது கை கண்ணைக் கேட்காமல் போய், ஒன்றை உருவிக்கொண்டு, அடுத்த தாளத்துக்குள் தந்திக்குத் திரும்பிவிடும். இன்றும் கை போனது. விரலில் பட்டது பிக் இல்லை. கேப்போ என்ற கவ்வியின் குளிர்ந்த இரும்பு வாய்.

கையை இழுத்துக்கொண்டாள். மீதிப் பாட்டை நகத்தால் மீட்டினாள். கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்த பிரபா மட்டும், ஒலி மெலிந்ததைக் கவனித்து ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

கோவளத்தில், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டின் புல்வெளி அது. சனிக்கிழமை மாலைகளில் இருவரும் அங்கே வாசித்தார்கள். பிரபா பாடுவாள், பாட்டுகளுக்கு இடையில் பேசுவாள். யோகேஸ்வரி ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பாள், பேசமாட்டாள். மார்கழி பிறந்தால் இதே நிர்வாகத்துக்கு மாமல்லபுரத்தில் இருக்கும் பெரிய ஹோட்டலில் சீசன் முழுக்கத் தினமும் மேடை. அது தங்களுக்குத்தான் வரும் என்று பிரபா சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் யோகேஸ்வரி ஒரு வேலை வாய்ப்பை விட்டாள். அவள் ஊரான நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஆய்வகத்துக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. நடந்தே போய்வரக்கூடிய தூரம். அம்மா மீனாட்சி மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குலசாமிக்குக் காசு முடிந்தாள். பிரபாதான் போனில் கெஞ்சினாள்.

“போவாதடி. நீ அங்க தண்ணிய மோந்து மோந்து பாத்துகினு இருப்ப, நான் இங்க ஒண்டியா நின்னு கரோக்கேல பாடிகினு இருப்பன். நல்லாவா கீது?”

அவள் போகவில்லை. அம்மா பல நாள் பேசவில்லை. பேசத் தொடங்கியதும் முதலில் சொன்னது, “பீச்சாங்கையால அந்தக் கட்டைய சொறிஞ்சிகினே இரு. அதுவே உனுக்கு சோறு பொங்கிப் போடும்.”

கைதட்டல் அடங்குவதற்குள் யோகேஸ்வரி ஸ்டாண்டை முழுதாகப் பார்த்தாள். வழக்கமாக அவள்தான் அதை மாட்டுவாள். ஸ்டாண்டும் பெட்டிகளும் செங்கல்பட்டில் பிரபா வீட்டில் இருக்கும். அவள் அப்பாவின் லோடு ஆட்டோவில் வந்து இறங்கும். யோகேஸ்வரி முன்னதாகவே வந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பொருத்துவாள். இன்று கடற்கரைச் சாலையில் பஸ் ஊர்ந்துகொண்டே வந்தது. இறங்கி ஓடிவந்தபோது, “நானே மாட்டிட்டேன்டி, குந்து” என்றாள் பிரபா. அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஸ்டாண்ட் அவள் செய்தது. இடக்கைக்காரிக்கு என்று கிடைக்கும் கிடார் இந்தப் பக்கத்தில் கிடையாது. பழைய வலக்கைக் கிடார் ஒன்றை வாங்கி, தந்திகளைக் கழற்றித் தலைகீழ் வரிசையில் கட்டி, தந்தி உட்காரும் பள்ளங்களை அரத்தால் ராவி, தனக்கென்று ஆக்கிக்கொண்டாள். மேடையில் தேவைப்படும் சாமான்களையும் அப்படியே தன் கைக்கு ஏற்ப வைத்துக்கொண்டாள். பிக் பிடிக்கும் கை இடது என்பதால் பிக்குகள் இடப்பக்கம். தந்தி அழுத்தும் கை வலது என்பதால் கேப்போ வலப்பக்கம், குழாயைக் கவ்விக்கொண்டு நிற்கும். தந்திகளை மொத்தமாக அமுக்கிச் சுருதியை ஏற்றும் கவ்வி அது. சில பாட்டுகளுக்கு மட்டும் தந்தியில் ஏறும். அதற்குக் கீழே ஈரம் துடைக்கும் துணி, சுருட்டிய மாற்றுத் தந்தி. இன்னும் கீழே ஒரு கொக்கி. அது பிரபாவுக்கு. அதில் பனங்கற்கண்டு போட்ட சின்னத் தகர டப்பா தொங்கும். மேல்சுருதிக்கு ஏறுவதற்கு முன், ஸ்டாண்டின் வலப்பக்கம் நிற்கும் பிரபா கண்ணை மூடிக்கொண்டு, இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். டப்பாவை நிரப்பிவைப்பது யோகேஸ்வரி.

மிதவை அப்பாவின் பழைய வலையிலிருந்து அறுத்தது. கேட்காமல்தான் அறுத்தாள். அப்பா தணிகைவேல் அதைப் பார்த்துவிட்டு, வலையில் அறுத்த இடத்தை முடிந்துவைத்தார். அவருக்கு அந்த ஏற்பாடு புரிந்திருக்கும். அவர் படகில் வலை அறுக்கும் கத்தி எஞ்சினுக்குப் பக்கத்தில் கயிற்றுச் சுருளில் செருகியிருக்கும். ஓடுகிற வலை காலில் சுற்றினால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். அந்த நேரத்தில் கத்தியைத் தேட முடியாது. ஒருமுறை சித்தப்பா துரை அந்தக் கத்தியால் மாங்காய் நறுக்கித் தின்றுவிட்டு ஐஸ்பெட்டி மேல் வைத்துவிட்டார். கரையேறியதும் அப்பா குப்பமே கேட்கக் கத்தினார். “வல கால்ல சுத்திகினா, கத்திய எங்கடா வெச்சன்னு உனுக்கு போன் போட்டு கேக்கணுமா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்.

இப்போது ஸ்டாண்டில் பிக்குகள் வலப்பக்கம் இருந்தன. கேப்போ இடப்பக்கம் இருந்தது. துணியும் தந்தியும் கொக்கியும் இடப்பக்கம். அந்தக் கொக்கியை எட்ட, பிரபா மறுபக்கம் நின்று வலது கையை நீட்ட வேண்டும். அவசரத்தில் மாட்டியிருப்பாள் என்று நினைக்கத்தான் முதலில் மனம் ஓடியது. ஆனால் செய்முறை வகுப்பில் படித்தது அவளுக்கு மறக்கவில்லை. பிழையில் இரண்டு வகை. ஒழுங்கற்ற பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். முறையான பிழை எல்லா அளவீட்டையும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். தெரியாமல் மாட்டியிருந்தால் எல்லாம் கலைந்து கிடக்கும். இங்கே எதுவும் கலையவில்லை. மிதவை அதே உயரத்தில் இருந்தது. துணி அதே மடிப்பில் இருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருந்தது, அவ்வளவுதான். பிரபாவின் கண்ணுக்கு இது எப்போதும்போல்தான் தெரிந்திருக்கும்.

மிதவையின் ஓரக் கீறலில் ஒரு பிக் இருந்தது. கறுப்பு, தடிமன். அவளுடையவை எல்லாம் மெல்லிய ஆரஞ்சு நிறப் பிக்குகள்.

வலக்கைக்காரன் ஒருவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

இடைவேளையில் மேலாளர் ஆபிரகாம் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். கோவளத்துக்காரர், யாரையும் நிற்கவைத்துப் பேசாமல் விடமாட்டார். பிரபா பஜ்ஜி வாங்கச் சமையல்கட்டுப் பக்கம் போயிருந்தாள்.

“கங்கிராட்ஸ்மா” என்றார். “வேல கெடைச்சிட்ச்சாமே, தண்ணி பிளான்ட்ல? பிரபா சொல்லிச்சு. நல்லதும்மா. மாசம் பொறந்தா சம்பளம், வூட்டாண்ட வேல. இங்க இன்னா கீது, கொசுக்கடிதான்.”

யோகேஸ்வரி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஷ்யாம் தம்பியும் நல்லாத்தான் வாசிக்கிறாரு. ஆனா உன்னோட கடைசி பாட்டு கீதே, அத்த அச்சு அசலா உன்ன மாதிரியே வாசிச்சாரு பாரு, எனுக்கே ஆச்சரியமாயிட்ச்சு. நீதான் குந்தவெச்சு சொல்லிக் குடுத்தன்னு பிரபா சொல்லிச்சு. வேற யாராவதா இருந்தா குடுப்பாங்களா? பெரிய மனசும்மா உனுக்கு.”

“தேங்க்ஸ் சார்” என்றாள் யோகேஸ்வரி.

“பேரு மட்டும் மாத்தாதீங்கன்னு சொல்லிட்டேன். மாமல்லபுரத்துக்கும் பீச்சுதான். போஸ்டர் அடிக்கக் குடுத்தாச்சு.”

அவர் போய்விட்டார். தேங்க்ஸ் என்று சொன்ன வாய் தன்னுடையதா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

புல்வெளி வாசலில் பழைய போஸ்டர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நீல அலை, அதன்மேல் ‘பீச்சு’. கடற்கரையைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். அலையை வரைந்தவரும் அப்படித்தான் நினைத்தார். அந்தப் பேர் பிறந்தது செங்கல்பட்டுக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில். சுரமானியில் தந்தியை இழுத்துக் கட்ட அவள் இடது கையை நீட்டியபோது பின்னாலிருந்து யாரோ “பீச்சாங்கை” என்றார்கள். ஆய்வகமே சிரித்தது. அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பக்கத்து மேசையிலிருந்து எழுந்துவந்த பிரபா அந்தக் கையைப் பிடித்து இழுத்து மறுபடியும் தந்தியின்மேல் வைத்தாள். “கட்டுடி பீச்சு. இவனுங்களுக்கு ரெண்டு கையும் சோத்துல கைவைக்க மட்டும்தான்.” அன்றிலிருந்து பீச்சு. ரிசார்ட்டில் குழுவுக்குப் பேர் கேட்டபோதும் பிரபா அதையே சொன்னாள். ஆபிரகாம் “பீச்! சூப்பர்!” என்று கைதட்டினார். இருவரும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அங்கே அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

இப்போது அந்தப் பேருக்குக் கீழே வலக்கைக்காரன் உட்காரப்போகிறான்.

அப்போதுதான் அவளுக்கு வீடியோக்கள் ஞாபகம் வந்தன. மழைக்காலம் முழுக்க, பயிற்சியின்போது பிரபா போனை எதிரில் சாய்த்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். ரீல்ஸ் போடலாம் என்று சொன்னாள். கையை மட்டும் கிட்டத்தில் எடுத்தாள், மெதுவாக வாசிக்கச் சொல்லி எடுத்தாள். ஒன்றும் போடவில்லை, கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்பாள். செல்ஃபி கேமராவில் எடுத்ததால் படத்தில் எல்லாம் பக்கம் மாறித் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஆடி பாடத்தில் வருமே, இடவல மாற்றம், அது. யோகேஸ்வரி அதைச் சொல்லி, செட்டிங்கை மாற்றச் சொன்னாள். “இருக்கட்டும்டி, இதுதான் அழகா கீது” என்றாள் பிரபா. அவளும் அதற்குமேல் சொல்லவில்லை. உண்மையில் அந்தப் படங்களை அவளுக்கும் பிடித்திருந்தது. அவற்றில் அவள் எல்லாரையும்போல வலது கையால் வாசித்தாள். தன் போனுக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி, வீட்டில் தனியாக இருக்கும்போது போட்டுப் பார்த்துக்கொள்வாள். வலக்கைக்காரன் ஒருவன் விரலுக்கு விரல் அப்படியே பார்த்துப் படிக்கத் தோதான படங்கள் அவை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கடைசிப் பாட்டின் மெட்டு அவளுடையது. அந்தப் பாட்டைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, பேசத் தெரியாது. தந்தியில்தான் தெரியும்.

பிரபா பஜ்ஜித் தட்டோடு வந்தாள். ஒன்றைச் சட்னியில் தோய்த்து யோகேஸ்வரியின் வாய்க்கு நேராக நீட்டினாள். யோகேஸ்வரி வாயைத் திறக்கவில்லை.

“ஷ்யாம் யாரு?”

பஜ்ஜி கொஞ்சநேரம் காற்றில் நின்றது. பிறகு பிரபாவே அதைத் தின்றாள்.

“ஆபிரகாம் சொல்லிட்டாரா? அந்தாளு வாயில ஒரு பூட்டு வாங்கி மாட்டணும்.” மென்று விழுங்கினாள். “ஒரே ஒரு தபா வந்தான்டி. எங்க மாமா பையன் ஃப்ரெண்டு. அன்னிக்கு மாமல்லபுரத்துலேர்ந்து திடீர்னு சவுண்டு பாக்க வந்தாங்க, நீ போனே எடுக்கல. ஆளில்லாம நான் இன்னா பண்றது?”

“வேலைன்னு சொன்னியா?”

“அது...” பிரபா தட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் இறங்கியது, தோழிக்கு நல்லது சொல்லும் குரலாக. “உனுக்கே தெரியும்டி. உனுக்குக் கூட்டத்தப் பாத்தாலே கை நடுங்கும். சிரின்னா சிரிக்கமாட்ட. பேசுன்னா என் பின்னால ஒளிஞ்சிக்குவ. டெய்லி மேடைன்னா நீ பேஜாராயிடுவ. எதுக்கும் இருக்கட்டும்னு சொல்லி வெச்சேன். இன்னும் ஒண்ணும் முடிவாவல. உன்ன வுட்டுட்டு நான் பாடுவனா? சாமி சத்தியமா ஒரே தபாதான். ஸ்டாண்டக்கூட அவன்தான் தெரியாம மாத்தி மாட்டிட்டான்.”

ஸ்டாண்டைப் பற்றி யோகேஸ்வரி கேட்கவே இல்லை.

கேட்க வேறு எத்தனையோ இருந்தன. போஸ்டரைப் பற்றி, வீடியோவைப் பற்றி, தண்ணி பிளான்ட்டைப் பற்றி. பிரபா அவள் இடது கையைப் பிடித்து அழுத்தினாள். ஆய்வகத்தில் பிடித்த அதே பிடி. அந்தப் பிடியில் பொய் இருக்கும் என்று நம்ப யோகேஸ்வரியால் முடியவில்லை. ஒரே தபா என்றால், ஒரே தபாவாக இருக்கலாம். ஆபிரகாம் எதையும் ஒன்றுக்கு நான்காகச் சொல்பவர். அவள் தலையை ஆட்டினாள்.

“வா, ஆள் வந்துட்டாங்க” என்று பிரபா மேடைக்கு நடந்தாள்.

இரண்டாம் பகுதிக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. மைக் ஓடிக்கொண்டிருந்தது. யோகேஸ்வரி ஸ்டூலில் உட்காரவில்லை. ஸ்டாண்டின் முன்னால் மண்டியிட்டாள். இத்தனை பேர் பார்க்க, வாசிப்பதைத் தவிர வேறெதையும் அவள் செய்ததில்லை. முதலில் கேப்போவைக் கழற்றி வலப்பக்கம் கவ்வவிட்டாள். அந்தச் சத்தம் மைக்கில் ஏறி ஸ்பீக்கரில் டக்கென்று கேட்டது. பிறகு துணி. பிறகு தந்தி. மிதவையின் கயிற்றை அவிழ்த்து இடப்பக்கம் திருப்பி அதே முடிச்சைப் போட்டாள். அது வலைக்காரர்களின் முடிச்சு, ஈரம் பட்டால் இறுகும். யார் அவிழ்த்துக் கட்டினார்களோ அவர்களுக்கு அது தெரியாது. சாதாரணமாகக் கட்டிவைத்திருந்தார்கள்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பிரபா தன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம் மக்களே. எங்க பீச்சுக்கு எல்லாமே கையெட்ற தூரத்துல இருக்கணும். அதுவும் அவ வெச்ச எடத்துலயே இருக்கணும். ஒரு இன்ச்சு நவுந்துட்டாலும் ராத்திரி தூங்கமாட்டா. இவளக் கட்டிக்கப்போறவன் பாவம்!”

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். யோகேஸ்வரிக்குக் காது சூடானது. ஓரக் கீறலிலிருந்து கறுப்பு பிக்கை உருவினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிரபாவை நோக்கி நீட்டினாள். பிரபா பேச்சை நிறுத்தாமல், என்னவென்று பார்க்காமல், அதை வாங்கி ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். பேசிக்கொண்டே போனாள்.

கடைசியாக யோகேஸ்வரி தன் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்தாள். தாமதத்தில் முதல் பகுதியில் அதை மாட்டவே இல்லை. கொக்கியை வலப்பக்கம் திருப்பி, பிரபா நிற்கும் பக்கமாக, அவள் இடது கை எட்டும் உயரத்தில் தொங்கவிட்டாள். டப்பா லேசாக ஆடிவிட்டு நின்றது.

எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அவள் வாசித்தாள். பிக் ஒருமுறை நழுவியது. கை போனது, எடுத்தது, வந்தது. கேப்போவுக்கு வலது கை போனது, எடுத்தது, பொருத்தியது. இந்தப் போக்குவரத்து கைக்குப் படியவே அவளுக்கு ஒரு கோடை முழுக்க ஆனது. சமையலறை இருட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு பழகியிருக்கிறாள். அம்மா இடறி விழுந்து திட்டியிருக்கிறாள். ஒரு தடவையில், இரண்டு தடவையில் எந்தக் கையும் ஓர் இடத்தைக் கற்றுக்கொள்ளாது. கற்றுக்கொண்ட பிறகு சொன்ன பேச்சையும் கேட்காது.

கடைசிப் பாட்டு வந்தது. பிரபா அதை நன்றாகவே பாடினாள், எப்போதும்போல. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே கரையேற்றிய படகுகளின் நடுவே யாரோ வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரிக்கு ஒரு நிமிடம் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதுபோல் இருந்தது. ஆபிரகாம் உளறிவிட்டார். பாட்டு முடிந்ததும் பிரபா வந்து தோளில் இடிப்பாள். பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டைபோட்டுக்கொண்டு போவார்கள்.

மேல்சுருதிக்கு முன்னால் கிடார் மட்டும் வாசிக்கும் இடம். பிரபா கண்ணை மூடினாள். முகம் கடலைப் பார்த்து லேசாக நிமிர்ந்தது. ஸ்டாண்ட் அவளுக்கு இடப்பக்கம், ஒரு சாண் தூரத்தில் நின்றது. டப்பா தொங்கியது.

அவளுடைய வலது கை எழுந்தது.

பதற்றமில்லாமல், வெகுநாள் பழகிய வீட்டில் விளக்குப் போடப் போகும் கைபோல, அது வலப்பக்கம் நீண்டது. அங்கே ஒன்றுமில்லை. புல்வெளியின் ஓரமும் காற்றும்தான். கை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, ஒரு கொக்கி இருக்க வேண்டிய உயரத்தில் நின்று, விரல்களை விரித்தது. மூடியது. மறுபடியும் விரித்தது. பிரபா கண்ணைத் திறக்கவில்லை.

யோகேஸ்வரி வாசிப்பதை நிறுத்தவில்லை. பிரபா உள்ளே வர வேண்டிய அடி வந்து, தாண்டிப் போனது. அவள் அதே நான்கு அடியை மறுபடியும் வாசித்தாள். இந்தப் பக்கத்தில், கடற்காற்றில், தகர டப்பா தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கற்கண்டு உருளும் சத்தம் மைக்கில் ஏறி, புல்வெளி முழுக்க மெல்லக் கேட்டது.